ஒரு சொல்லைத் திருத்த ஆரணிக்குப் போனேன்

ஆரணியில் இறங்க வேண்டிய நான் சேத்துப்பட்டில் கண்விழித்தேன். பேருந்து நின்றிருந்தது. பாதி இருக்கைகள் காலி. நடத்துநர் என் இருக்கைக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஆரணிதானே நீங்க? ரெண்டு வாட்டி கூவுனேன். நீங்க பாட்டுக்குத் தூங்கிகினு இருக்கீங்க."

"எழுப்பியிருக்கலாமே."

"பக்கத்துல சொந்தக்காரங்க யாருனா இருந்தா எழுப்பியிருப்பாங்க. தனியாவா வந்தீங்க?"

அடுத்த ஐந்து நாளில் இதே கேள்வியை ஆட்டோக்காரர் கேட்டார், லாட்ஜ் மேலாளர் கேட்டார், இட்லி வைக்க வந்தவர் கேட்டார். மெல்போர்னில் இருபத்தாறு வருடமாக நான் தனியாகத்தான் இருக்கிறேன். அங்கே ஒரு ஜீவன் இதைக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அங்கே நாகரிகம். இங்கே கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. ஆனால் கேட்டவர் அந்தப் பக்கம் போனதும், இன்னும் கொஞ்ச நேரம் நின்று பேசியிருக்கலாமே என்றும் தோன்றுகிறது. என்ன செய்ய, இந்த வயதில் புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது.

எதிர்ப்பக்கம் போகும் பேருந்து வரும்வரை சேத்துப்பட்டு நிலையத்தில் ஒரு தேநீர் குடித்தேன். கொதிக்கக் கொதிக்க, கரும்புச்சாறு மாதிரி தித்திப்பு. மெல்போர்னில் காபிக்கு மட்டும் பதினாறு வகை கேட்பார்கள். இங்கே ஒரே கேள்விதான்: "ஸ்ட்ராங்கா, லைட்டா?" இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது.

நான் ஏன் ஆரணிக்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பட்டு வாங்கப் போகவில்லை. என் வேலை ரத்தம். எலும்புக்குள் ரத்த அணுக்களைப் பெருகச் சொல்லும் சில புரதங்கள் இருக்கின்றன. அவை எப்போது பெருகச் சொல்கின்றன, எப்போது நிறுத்தச் சொல்கின்றன, சில ரத்தப் புற்றுநோய்களில் அந்த உத்தரவு எப்படிக் கெட்டுப்போகிறது என்று முப்பது வருடமாக எலிகளிடமும் கண்ணாடித் தட்டுகளிடமும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தட்டில் வெள்ளைப் புள்ளிபோல் முளைக்கும் அணுக்கூட்டங்களை நுண்ணோக்கியில் எண்ணுவதிலேயே கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. மனிதர்களோடு அதிகம் பழகவில்லை.

கருத்தரங்கு ஒன்றுக்காகச் சென்னை வந்திருந்தேன். அங்கே சுபா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒருகாலத்தில் என் மாணவி, இப்போது ஆரணிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் ரத்தப் புற்றுநோய் மருத்துவர். அவளிடம் மல்லிகா என்று ஒரு நோயாளி. மருந்தால் நோய் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது, ஆனால் திரும்பி வரும் வகை. அதற்குள் வேறு ஒருவரின் ரத்தத் தாய் அணுக்களைச் செலுத்தியாக வேண்டும். உடன்பிறந்தவர்களில் பொருந்தியது ஒரே ஒருவர், ஆரணியில் பட்டு நெய்யும் தம்பி குமரேசன். சோதனையெல்லாம் முடித்து, சரி என்று சொல்லி, தகவல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் பிறகு வரவில்லை. மூன்று வாரமாகப் போனையும் எடுக்கவில்லை.

"அந்தப் புத்தகத்தைத் தமிழ்ல எழுதினது நீங்கதான் மேடம்" என்றாள் சுபா. "அதுல எதையோ படிச்சுட்டு பயந்துட்டார்னு அவர் வீட்டம்மா சொல்றாங்க. எழுதினவங்க நேர்ல வந்து சொல்லட்டும்கிறாங்க. போறீங்களா? ஆனா ஒண்ணு, கெஞ்சக் கூடாது. அவர் மாட்டேன்னா மாட்டேன்தான். தப்பாப் புரிஞ்சுகிட்டு மாட்டேன்னு சொல்லக் கூடாது, அவ்வளவுதான்."

கிளம்பும் முன் மல்லிகாவைப் பத்து நிமிடம் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும், தலையில் முடி இல்லை, துண்டு கட்டியிருந்தாள். "அவன திட்டாதீங்கம்மா" என்றாள் எடுத்த எடுப்பில். "குடுக்கலன்னா போவுது. ஏன் பேச மாட்றான்? தெனிக்கும் ரெண்டு வாட்டி போன் பண்ணுவான். இப்போ நான் பண்ணாலும் எடுக்க மாட்றான். அதான் பேஜாரா கீது."

ஆரணி பேருந்து நிலையத்தில் நான் ஏறிய ஆட்டோ என்னை நேராக ஒரு பட்டுக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. நான் சொன்ன தெருப் பெயரை ஓட்டுநர் காதிலேயே வாங்கவில்லை. வெளியூர்ப் பெண், வயசானவள், கையில் பை: பட்டுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டார். கடைக்காரர் "வாங்கம்மா, கல்யாணத்துக்கா?" என்று வேறு கேட்டார். யாருக்குக் கல்யாணம்? அங்கிருந்து தப்பித்து லாட்ஜ் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இரண்டாம் நாள் காலை குமரேசன் வீட்டைத் தேடிப் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒரு பக்கம் விசைத்தறியின் படபட, இன்னொரு பக்கம் கைத்தறியின் தட்டு. முன்னறையில் இரண்டு தறிகள். ஒன்றில் குமரேசன் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது, கெட்டியான ஆள். அவருடைய மனைவி செல்வி மூலையில் உட்கார்ந்து குழலில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள்தான் வாங்க என்றாள். அவர் தலை நிமிரவில்லை. பழைய பாவு, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் நூல், முடிந்த இடத்தில் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து விரலால் முறுக்கிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழை. நானும் எண்ணியே காலம் தள்ளியவள் என்பதால் குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவரே எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஒரு பக்கம் மடித்து வைத்திருந்தது.

"இது நீங்க எழுதினதுதானே? படிங்க."

படித்தேன். 'கொடையாளருக்கு ஐந்து நாட்கள் வளர்ச்சிக் காரணி ஊசி மூலம் செலுத்தப்படும்.'

"எங்கம்மாவுக்கு கர்ப்பப்பைல ஒரு வளர்ச்சி இருக்குதுன்னு ஸ்கேன் பாத்தவங்க சொன்னாங்க. வளர்ச்சின்னா என்னான்னு எங்களுக்குத் தெரியாது. நல்ல வார்த்தயாச்சேன்னு நெனச்சோம். ஆறு மாசத்துல போய்ட்டாங்க." அவர் விரலை அந்த வரியின் மேல் வைத்தார். "காரணின்னா காரணம்தானே? வளர்ச்சிக்குக் காரணம்னு நீங்களே அச்சடிச்சிக் குடுத்துட்டு, அதையே ஊசில போடறேன்றீங்களே. படிச்சவங்கதானே நீங்க?"

என் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்தச் சொல்லுக்காக இரண்டு நாள் அகராதியோடு மல்லுக்கட்டியவள் நான். கிடைத்தபோது எவ்வளவு பெருமை! ஆங்கிலம் கலக்காத அழகான தமிழ் என்று சுபாவிடம் பீற்றிக்கொண்டேன். இந்த ஊரில் ஸ்கேன் அறைக்கு வெளியே வளர்ச்சி என்றால் கட்டி என்று அர்த்தமாவது எனக்குத் தெரியவே இல்லை. அந்தக் கண்ணால் படித்தால் நான் எழுதியிருந்தது இதுதான்: உங்களுக்கு ஐந்து நாள் புற்றுநோயை ஊசியில் ஏற்றுவோம்.

"தப்பு என்னுதுதான்" என்றேன். "இந்த வளர்ச்சி அந்த வளர்ச்சி இல்ல." பிறகு வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. புரதம், அணு, எலி, தட்டு என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். செல்விக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

குமரேசன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "அப்போ இதுக்கும் கேன்சருக்கும் சம்மந்தமே இல்லன்னு சொல்லுங்க, பாப்போம்."

எப்படிச் சொல்வேன்? அந்தச் சம்பந்தத்தைப் பற்றித்தானே முப்பது வருடம் வேலை பார்த்தேன்! "சில ரத்தப் புற்றுநோய் செல்லுங்களும் இதைத் தின்னு பெருகும். அது உண்மை. ஆனா உங்களுக்கு அந்த நோய் இல்ல. உங்க ரத்தத்தைச் சோதிச்சாச்சு. உங்களை மாதிரி நல்லா இருக்கிறவங்க நிறையப் பேருக்குப் போட்டு, வருஷக்கணக்கா கவனிச்சுகிட்டு வர்றாங்க. அதனால புற்றுநோய் வந்ததா இதுவரை தெரியல."

"எனக்குள்ள எங்கியாச்சும் ஒளிஞ்சிகினு இருந்தா?"

"சோதிச்ச வரைக்கும் இல்ல."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல எனக்குத் தெரியாதுப்பா."

அவர் தலையாட்டிவிட்டுத் தறிக்குப் போனார். செல்வி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். "ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள் மெதுவாக. சொல்லியிருக்கலாம்தான்.

அன்று மாலை லாட்ஜ் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கீழே களம்பூர்ப் பக்கமிருந்து அரிசி மூட்டை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு பெண் பிழைக்கும் வழியை நானே கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன், முதலில் ஒரு சொல்லால், பிறகு ஒரு நேர்மையால். யாரிடமாவது சொல்லி அழலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஆய்வுக்கூடம், பல் மருத்துவர், குழாய் ரிப்பேர், நூலகம். இவ்வளவுதான் என் உலகம். போனை வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை நாஷ்டாவுக்குக் கீழே இருந்த ஓட்டலில் இட்லியும் வடகறியும் வாங்கினேன். இந்த வடகறிக்காகவே இந்த மாவட்டத்தை மன்னிக்கலாம். எங்கள் மதுரைப் பக்கம் இட்லிக்கு நாலு சட்னி வைத்துப் பெருமையடிப்போம், வடையைப் பிய்த்துப் போட்டுக் குழம்பாக்கும் யோசனை எங்களுக்கு வரவில்லை. இரண்டாவது வாய் வைத்தபோது எதிர் நாற்காலியில் குமரேசன் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து தெரியாதுன்னீங்களே, அதுக்கோசரம் வந்தேன்."

பிய்த்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன்.

"எங்கம்மாவுக்கு எல்லாருமே ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொன்னாங்க. தெரியாதுன்னு எவனும் சொல்லல. நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. அப்போ தெரியும்னு சொல்றதையும் நம்பலாம்னு தோணுச்சி. பேப்பர் கீதா? ஜல்தியா எழுதுங்க, எனக்குப் புரியற மாதிரி. செல்விகிட்ட படிச்சுக் காட்டணும்."

தட்டை நகர்த்திவிட்டு நோட்டைத் திறந்தேன். 'எலும்புக்குள் இருக்கும் தாய் அணுக்களைத் தூண்டும் ஊசி' என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"தூண்டறதுன்னா சண்டைக்கு ஏத்தி வுடறதாச்சே. அது இன்னாத்துக்கு? அந்த செல்லுங்க இப்போ எங்க கீது?"

"எலும்புக்குள்ள. அங்கேயேதான் இருக்கும், வெளிய வராது. ஊசி போட்டா பெருகி, ரத்தத்துக்கு வந்துரும். கையிலேருந்து ரத்தம் எடுக்கிற மாதிரி ஒரு மிஷின்ல அதை மட்டும் பிரிச்சு எடுப்பாங்க. மிச்ச ரத்தம் உங்களுக்கே திரும்ப வந்துரும்."

"டிப்போல பஸ் நிக்குது. காலைல எல்லாத்தையும் கெளப்பி ரோட்டுக்கு வுடறோம். அக்கா ரோட்ல நின்னு புடிச்சுக்குது. அவ்ளோதானே?"

"அவ்வளவுதான்."

"டிப்போ காலியாய்டுமா?"

"ஆகாது. அங்கேயே புதுசு செஞ்சுக்கும்."

"அப்போ கெளப்பி வுடற ஊசின்னு எழுதுங்க. இதுக்குப் போயி காரணி, தோரணின்னுகினு!"

வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். 'கிளப்பிவிடும் ஊசி' என்றே எழுதினேன். எலும்பு வலிக்கும் என்றும், தலைவலி வரலாம் என்றும், மிக அபூர்வமாக மண்ணீரலுக்கு ஆபத்து நேரலாம், அதனால் இடது விலாவுக்குக் கீழே வலித்தால் உடனே சொல்ல வேண்டும் என்றும் எழுதினேன். கடைசி வரியாக, எல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிடவில்லை என்றும் எழுதச் சொன்னார். அதையும் எழுதினேன். வடகறி ஆறிப்போயிருந்தது.

வீட்டில் செல்வி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். "உங்க கூடப்பொறந்தவங்களுக்கு ஒண்ணுன்னா நீங்க போட்டுக்குவீங்களா?" என்றாள்.

"எனக்குக் கூடப்பிறந்தவங்க இல்லம்மா. தேவைன்னா கட்டாயம் போட்டுக்குவேன்."

"யாருக்குக் குடுப்பீங்க?"

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மோர் கொண்டுவர உள்ளே போனாள்.

புத்தகத்தோடு கொடுத்திருந்த மருத்துவமனைப் படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: துணைக்கு வருபவர் பெயர், உறவுமுறை. செல்வியால் போக முடியாது, மகள்கள் இருவருக்கும் பரீட்சை. குமரேசன் பேனாவை எடுத்து என்னைப் பார்த்தார். "எழுதினவங்களே வந்து கூட இருக்கட்டும். உங்க பேரு சொல்லுங்க."

"நான் எப்படிப்பா... எனக்கு நாளன்னைக்கு விமானம்."

"அப்போ நீங்க எழுதினதுல உங்களுக்கே நம்பிக்க இல்லியா?"

பெயரைச் சொன்னேன். உறவு என்ற இடத்தில் அவர் கை நின்றது. "இதுல இன்னா போடறது?"

"அக்கான்னு போடு, வேற இன்னா" என்றாள் செல்வி, உள்ளேயிருந்தபடியே.

போட்டுவிட்டார். என் பெயருக்கு எதிரே அப்படி ஒரு சொல்லை யாரும் எழுதியதில்லை. அன்று மத்தியானமே விமானத்தைத் தள்ளிப்போட்டேன். மெல்போர்னில் எனக்காகக் காத்திருந்தவை எலிகள்தான், அவற்றுக்குத் தீனி போட வேறு ஆள் இருக்கிறது.

நாலாம் நாள் மருத்துவமனைக்குப் போனோம். பேருந்தில் இடம் கிடைத்ததும் குமரேசன் ஜன்னலோரத்தை எனக்கு விட்டார். "தூங்குங்க, நான் எழுப்பறேன்" என்றார். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டுச் சுபா அவரிடம் தனியாகப் பேசினாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "இன்னைக்கே மல்லிகாவுக்கு அவங்க சொந்த மஜ்ஜையை அழிக்கிற மருந்தை ஆரம்பிக்கிறோம். இனி இவர் பின்வாங்கினா அவங்களுக்கு எதுவும் மிஞ்சாது. அதைச் சொல்லிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன்." முதல் ஊசியை அங்கேயே போட்டார்கள். அடுத்த இரண்டை ஆரணியில் ஒரு கிளினிக்கிலேயே போட்டுக்கொண்டு பிறகு வந்து சேரலாம் என்றாள் சுபா. மாடியில் அக்காவைப் பார்த்துவிட்டு வரலாமே என்றேன். அவர் மாடிப்படியைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். "மூணு வாரம் போன எடுக்கல. இன்னா மூஞ்ச வெச்சிகினு போய் நிக்கறது" என்று திரும்பி நடந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை இரண்டாவது ஊசி. பதினோரு மணிக்கு வலி பிடித்துக்கொண்டது. தறியில் உட்காரப் பார்த்தார், முடியவில்லை. தரையில் பாய் விரித்துப் படுத்தார், அதுவும் முடியவில்லை.

"இன்னா எழுதினீங்க நீங்க? எலும்பு வலிக்கும்னு ஒரு வார்த்த! இது வலியா? இடுப்புல லாரி ஏறுன மாதிரி கீது."

சுபாவுக்குப் போன் செய்தேன். இடது விலா வலிக்கிறதா என்று கேட்கச் சொன்னாள், இல்லை என்றார். காய்ச்சல் மாத்திரை கொடுக்கச் சொன்னாள், கொடுத்தேன். எத்தனையோ எலிகளுக்கு இந்த மருந்தைப் போட்டிருக்கிறேன். ஒன்றுகூட என்னிடம் வலிக்கிறது என்று சொன்னதில்லை. எலும்புக்குள் வேலை நடக்கிறது என்று ஆராய்ச்சிக்காரிக்குச் சந்தோஷம். அவர் முகத்தைப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. இப்போது வேண்டாம் என்றுவிட்டால்? அங்கே மருத்துவமனை மாடியில் மல்லிகாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. கெஞ்சக் கூடாது என்று சுபா சொன்னதை நினைத்துக்கொண்டு, நடைவழி நாற்காலியில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அக்கா" என்று கூப்பிட்டார்.

சட்டென்று எழுந்து உள்ளே ஓடினேன். "என்னப்பா? தண்ணி வேணுமா?"

அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். காதில் போன்.

"அக்கா, நான்தான். ரொம்ப வலிக்குதுக்கா... இல்ல, இல்ல, நிறுத்த மாட்டேன். அழாத. நீ துன்னியா?"

மறுமுனையில் மல்லிகா அழுவதும் திட்டுவதும் வாசல்படிவரை கேட்டது. செல்வி நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. அவர் கூப்பிட்டது என்னை இல்லை. சத்தமில்லாமல் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றாவது ஊசிக்கு அவரை நாளைக் காலை எட்டு மணிக்குக் கூட்டிப்போக வேண்டும்.